நூறு கருவிகளுக்கு ஒரே கட்டளை

2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், மலேசிய நேரப்படி நள்ளிரவை நெருங்கும் வேளையில் முகநூல், புலனம், படவரி ஆகிய மூன்றும் உலகெங்கும் ஒரே சமயத்தில் முடங்கின. வீட்டு அருகலையில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணி, இணையப் பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தவர்கள் நம்மிடையேயும் இருந்திருப்பார்கள். கோளாறு வெகு தொலைவில் இருந்தது. முகநூல் நிறுவனத்தின் தரவு மையங்களை ஒன்றோடொன்று இணைக்கும் முதன்மை வலையமைப்பில் வழக்கமான பராமரிப்புப் பணி நடந்துகொண்டிருந்தது. அந்த வலையமைப்பின் கொள்ளளவைக் கணிப்பதற்காக ஒரு கட்டளை இடப்பட்டது. அக்கட்டளையோ எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டது. தவறான கட்டளைகளை இனங்கண்டு தடுப்பதற்கென்றே ஒரு மென்பொருளை அந்நிறுவனம் வைத்திருந்தது. அம்மென்பொருளில் ஒரு பிழை இருந்ததால் அதுவும் தடுக்கவில்லை.

அதற்குப் பின் நிகழ்ந்ததுதான் இன்னும் கவனிக்கத்தக்கது. இணைய முகவரிகளைத் தேடித் தரும் அந்நிறுவனத்தின் சேவையகங்கள், தரவு மையங்களோடு பேச முடியாததால், தம்மை அடையும் வழியைப் பற்றிய அறிவிப்புகளை இணையத்திலிருந்து தாமாகவே விலக்கிக்கொண்டன. பொறியாளர்கள் தொலைவிலிருந்தே உள்ளே நுழைந்து சரிசெய்ய முயன்றனர். ஆனால், அவர்கள் நுழைய வேண்டிய பாதையும் முடங்கிய அதே வலையமைப்பைச் சார்ந்திருந்தது. அவசரத்திற்கென வைத்திருந்த மாற்றுப்பாதையும் கைகொடுக்கவில்லை. இறுதியில், ஆட்களைத் தரவு மையங்களுக்கே நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று. அங்குள்ள கடுமையான பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கடந்து உள்ளே போய், கருவிகளைத் தொடுவதற்குள் நேரம் ஓடிவிட்டது. சேவைகள் மீளச் சுமார் ஆறு மணி நேரம் பிடித்தது.

ஒரே ஒரு கட்டளை ஒரு வலையமைப்பு முழுவதையும் எப்படி முடக்க முடியும்? இன்றைய பெரிய வலையமைப்புகளில் கருவிகளுக்குக் கட்டளையிடும் வேலையைப் பெரும்பாலும் மனிதர்கள் ஒவ்வொன்றாகச் செய்வதில்லை, நிரல்கள் செய்கின்றன. இதையே வலையமைப்புத் தானியக்கம் என்கிறோம். நிரல் சரியாக இருந்தால் ஆயிரம் கருவிகளிலும் வேலை சரியாக நடக்கும். தவறாக இருந்தால் ஆயிரம் கருவிகளிலும் அதே தவறு அதே வேகத்தில் நடக்கும். அப்படியானால் பழையபடி கையாலேயே செய்துவிடலாமே என்று தோன்றலாம். அதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் 120 சுவிட்சுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுவிட்ச் என்பது ஒரு கட்டடத்தில் உள்ள கணினிகளையும் அருகலைக் கருவிகளையும் கம்பிவழி இணைக்கும் பெட்டி. ஒவ்வொரு சுவிட்சும் தன் கடிகாரத்தைச் சரிபார்க்க நேரச் சேவையகம் ஒன்றை நாடும். எங்கேனும் பழுது ஏற்பட்டால், எந்தக் கருவியில் எது முதலில் நடந்தது என்று குறிப்பேடுகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டால் அந்த ஒப்பீடு பயன்படாது. இப்போது, பழைய நேரச் சேவையகத்தை நிறுத்திவிட்டுப் புதியதை வைக்கிறார்கள். 120 சுவிட்சுகளிலும் அதன் முகவரியை மாற்ற வேண்டும். ஒவ்வொன்றிலும் நுழைந்து, தட்டெழுதி, சரிபார்த்து, வெளியேற ஆறு நிமிடங்கள் என்றால் மொத்தம் 12 மணி நேரம். நேரம்கூடப் பெரிதன்று. தொண்ணூறாவது சுவிட்சுக்கு வரும்போது கண் சோர்ந்துவிடும். முகவரியில் ஓர் எண் மாறிவிடும். எந்தச் சுவிட்சில் மாறியது என்பது யாருக்கும் தெரியாது. பெரிய வலையமைப்பில் கையால் வேலை செய்வது பாதுகாப்பானது என்பது வெறும் நம்பிக்கைதான்.

ஆகவே, தானியக்கத்தைத் தவிர்க்க இயலாது. அதைக் கற்க விரும்பும் மாணவர்களுக்கு முதலில் சொல்லப்படும் மூன்று பெயர்கள் லினக்ஸ், பைதான், கிட். முதலாவது வேலை செய்யும் இடம். இரண்டாவது வேலையைச் செய்யும் கை. மூன்றாவது செய்ததை நினைவில் வைத்துக்கொள்ளும் ஏடு. பெரும்பாலோர் பைதானில் ஆர்வத்துடன் இறங்குவர். கிட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவர். என் கருத்தில், ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

லினக்ஸ் 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அப்போது 21 வயது மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக அறிவித்தார். இன்று ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசிகளின் அடித்தளம் லினக்ஸ்தான். 2017ஆம் ஆண்டு இறுதியிலிருந்து உலகின் மிக வேகமான 500 மீக்கணினிகள் அனைத்தும் லினக்ஸில்தான் இயங்குகின்றன. வலையமைப்புக் கருவிகளும் விலக்கன்று. அரிஸ்டா போன்ற நிறுவனங்களின் சுவிட்சுகளுக்குள்ளும் லினக்ஸே இயங்குகிறது.

லினக்ஸைக் கற்கத் தொடங்குபவர் முதலில் சந்திப்பது ஒரு கறுப்புத் திரை. அதில் படங்களோ பொத்தான்களோ இரா. கட்டளையைத் தட்டெழுத வேண்டும். விடை எழுத்திலேயே வரும். இது பழைமையான முறையாகத் தோன்றினாலும் இதற்குத் தக்க காரணம் உண்டு. பொத்தானை அழுத்தியதை அப்படியே எழுதிவைத்து நாளை மீண்டும் செய்ய முடியாது. தட்டெழுதிய கட்டளையையோ ஒரு கோப்பில் எழுதிவைக்கலாம், நண்பருக்கு அனுப்பலாம், நூறு முறை இயக்கலாம். தானியக்கத்தின் விதை இதில்தான் இருக்கிறது.

தொடக்கத்தில் பத்துப் பதினைந்து கட்டளைகள் போதும். கோப்புகளைப் பட்டியலிட ஒன்று, கோப்புறை மாற ஒன்று, ஒரு கருவி விழித்திருக்கிறதா என்று கேட்கும் ‘பிங்’, ஒரு பெரிய கோப்பில் நமக்கு வேண்டிய சொல் உள்ள வரிகளை மட்டும் பொறுக்கியெடுக்கும் ‘கிரெப்’ என்று வரிசை நீளும். இக்கட்டளைகளைக் குழாய் போல ஒன்றோடொன்று இணைக்கவும் முடியும். முதல் கட்டளையின் விடை இரண்டாவது கட்டளைக்குள் பாயும். 120 சுவிட்சுகளின் அமைவுக் கோப்புகள் ஒரு கோப்புறையில் இருந்தால், பழைய நேரச் சேவையகத்தின் முகவரி இன்னும் எத்தனை கோப்புகளில் இருக்கிறது என்று ஒரே வரியில் எண்ணிவிடலாம். இதற்கு நிரல் எழுதவே தேவையில்லை.

தொலைவில் உள்ள கருவிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ‘எஸ்எஸ்எச்’ என்பதையும் இக்கட்டத்தில் அறிந்துகொள்ள வேண்டும். இதுவும் பின்லாந்தில் பிறந்ததே. 1995ஆம் ஆண்டு, ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடியதை அடுத்து, டாட்டு யிலோனென் என்ற ஆய்வாளர் இதை எழுதினார். அதற்கு முன்பு பரவலாக இருந்த ‘டெல்நெட்’ முறையில் கடவுச்சொல் திறந்த அஞ்சலட்டை போலப் பயணம் செய்தது. வழியில் நிற்பவர் எவரும் படிக்கலாம். எஸ்எஸ்எச் அதை மறையாக்கம் செய்து அனுப்புகிறது.

அடுத்தது பைதான். நெதர்லாந்தைச் சேர்ந்த கீடோ வான் ரோசம் 1989ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் எழுதத் தொடங்கிய மொழி இது. 1991ஆம் ஆண்டில் வெளியானது. பெயரைக் கேட்டு மலைப்பாம்பை நினைக்க வேண்டா. அவர் விரும்பிப் பார்த்த ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரின் பெயரிலிருந்து எடுத்தது அது. வலையமைப்புத் துறையில் பைதான் வேரூன்றியதற்குக் காரணம் அதன் எளிமை மட்டுமன்று. எஸ்எஸ்எச் வழியாகப் பல நிறுவனங்களின் கருவிகளோடு பேசத் தெரிந்த ‘நெட்மிகோ’ போன்ற நிரல் தொகுப்புகள் அதில் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. பேசும் முறையை நாம் எழுத வேண்டியதில்லை; என்ன பேச வேண்டும் என்பதை மட்டும் எழுதினால் போதும்.

நமது 120 சுவிட்சுகளுக்கான நிரலின் எலும்புக்கூட்டைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

பட்டியலில் உள்ள ஒவ்வொரு சுவிட்சுக்கும்:
    சுவிட்சோடு இணைப்பை ஏற்படுத்து
    இப்போதுள்ள நேரச் சேவையக முகவரியைப் படி
    அது பழைய முகவரியாக இருந்தால்:
        பழையதை நீக்கிப் புதியதை எழுது
        அமைவைச் சேமி
அறிக்கையைக் காட்டு

வரிகளின் தொடக்கத்தில் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். பல நிரல்மொழிகளில் இந்த இடைவெளி அழகுக்காக விடப்படுவது. பைதானில் அதுவே இலக்கணம். தமிழிலும் இதை ஒத்த ஒன்றை நீங்கள் படித்திருக்கிறீர்கள். ‘பலகை’ என்று சேர்த்து எழுதினால் மரப்பலகை. ‘பல கை’ என்று பிரித்தால் பல கைகள். எழுத்து அதேதான், இடைவெளி பொருளை மாற்றிவிடுகிறது.

இப்போது, மேலே உள்ள நிரலில் ‘அமைவைச் சேமி’ என்ற வரி கவனக்குறைவால் இடப்பக்க ஓரத்திற்கு நகர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவ்வரி சுழற்சிக்கு வெளியே வந்துவிடும். 120 சுவிட்சுகளும் மாறி முடிந்த பிறகு ஒரே ஒரு முறை இயங்கும். கடைசிச் சுவிட்சின் அமைவு மட்டும் சேமிக்கப்படும். மற்ற 119 சுவிட்சுகளும் அன்று சரியாகவே வேலை செய்யும். யார் சோதித்தாலும் புதிய முகவரியே தெரியும். சில வாரங்கள் கழித்து ஒரு கட்டடத்தில் மின்சாரம் தடைபட்டுத் திரும்பும்போதுதான், சேமிக்கப்படாத மாற்றம் மறைந்து பழைய முகவரி தலைகாட்டும். எட்டு எழுத்து இடைவெளியால் நேர்ந்த கோளாறு என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்?

இன்னொன்றையும் இந்த எலும்புக்கூட்டிலிருந்து கற்கலாம். நிரல் ஒவ்வொரு சுவிட்சிலும் முதலில் படிக்கிறது. பழைய முகவரி இருந்தால் மட்டுமே எழுதுகிறது. முப்பத்தேழாவது சுவிட்ச் பழுதாகி அணைந்துகிடக்கிறது, அங்கே நிரல் நின்றுவிட்டது என்றால், 36 சுவிட்சுகள் மாறியும் 84 மாறாமலும் இருக்கும். படித்துப் பார்த்த பின்பே எழுதும் நிரலை மீண்டும் முதலிலிருந்து இயக்கினாலும் தீங்கில்லை. மாறியவற்றைத் தொடாமல் கடந்துபோகும். நல்ல நிரலர் இதற்கு மேலும் ஒரு படி போவார். பதிலளிக்காத சுவிட்சின் பெயரைக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குச் செல்லும்படி எழுதுவார். அப்படிக் குறிக்கப்படும் பெயர்கள் மூன்றுக்கு மேல் போனால் வேலையை நிறுத்திவிடும்படியும் எழுதுவார். ஏனெனில், வரிசையாகப் பல சுவிட்சுகள் மௌனமானால், அவற்றை மௌனமாக்குவது நமது நிரலாகவே இருக்கக்கூடும்.

கிட் பிறந்த கதையிலும் லினஸ் டோர்வால்ட்ஸ் வருகிறார். லினக்ஸை உலகெங்குமுள்ள நிரலர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்பதைக் கண்காணிக்க அவர்கள் ‘பிட்கீப்பர்’ என்ற மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்திவந்தனர். 2005ஆம் ஆண்டில் அந்த இலவச வசதி நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் மாதம் டோர்வால்ட்ஸ் தமக்கு வேண்டிய கருவியைத் தாமே எழுதத் தொடங்கினார். சில நாள்களிலேயே கிட் தன் சொந்த நிரலின் மாற்றங்களைத் தானே பதிவுசெய்யும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

குழுவாகச் செய்யும் பள்ளி இடுபணியை நினைத்துப் பாருங்கள். ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மையான இறுதி’, ‘ஆசிரியருக்கு அனுப்பியது’ என்று ஒரே கட்டுரைக்கு நான்கு கோப்புகள் உருவாகிவிடும். எதில் என்ன மாறியது என்று யாருக்கும் தெரியாது. கிட்டில் கோப்பு ஒன்றுதான். அதன் ஒவ்வொரு கட்டமும் ஒரு பதிவாகச் சேமிக்கப்படும். மாற்றியவர் யார், எப்போது, எந்த வரிகள் என்பவற்றை அப்பதிவு காட்டும். எந்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து வைத்து வேறுபாட்டைப் பார்க்கலாம். கடந்த செவ்வாய்க்கிழமை கோப்பு எப்படி இருந்தது என்று கேட்டால் அதையும் காட்டும்.

ஏன் மாற்றினோம் என்பதை மட்டும் கிட்டால் தானாக அறிய முடியாது. அதை மனிதர்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு பதிவோடும் ஒரு குறிப்பு எழுதும் வசதி உண்டு. ‘மாற்றம் செய்தேன்’ என்று எழுதுபவர் ஏராளம். அது எதையும் சொல்வதில்லை. ‘நூலகக் கட்டடச் சுவிட்சுகளில் நேரச் சேவையக முகவரி மாற்றப்பட்டது, பழைய சேவையகம் மாத இறுதியில் நிறுத்தப்படும்’ என்று எழுதினால், ஓராண்டு கழித்து நடு இரவில் பழுது தேடும் ஒருவருக்கு அது வழிகாட்டும். அந்த ஒருவர் இதை எழுதியவராகவே இருக்கலாம். சுருங்கச் சொல்லி விளங்க வைக்கும் மொழித்திறன் கணினித் துறைக்குத் தேவையில்லை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் இத்தகைய குறிப்புகளைப் படித்துப் பார்க்க வேண்டும்.

கிட்டில் கிளை என்ற வசதியும் உண்டு. நிரலை மாற்ற விரும்புபவர் முதன்மைப் பிரதியைத் தொடாமல் ஒரு கிளையை உருவாக்கி, அதில் மாற்றுவார். பிறகு சக பொறியாளர் ஒருவர் அக்கிளையில் மாறிய வரிகளைப் படித்துப் பார்ப்பார். அவர் சம்மதித்த பின்பே கிளை முதன்மைப் பிரதியோடு இணைக்கப்படும். முன்னர்ப் பார்த்த ‘அமைவைச் சேமி’ என்ற வரி நகர்ந்த கதையை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். எழுதியவரின் கண் தான் எழுத நினைத்ததையே பார்க்கும். இரண்டாமவரின் கண் எழுதியிருப்பதைப் பார்க்கும். முகநூல் நிகழ்வில் தடுக்க வேண்டிய மென்பொருள் தடுக்கத் தவறியதை எண்ணும்போது, மென்பொருள் சோதனையோடு மனிதக் கண்ணும் வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கிட்டைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, அது எளிதில் மறக்காது. நிரலுக்குள் சுவிட்சின் கடவுச்சொல்லை எழுதி, அதைப் பதிவுசெய்துவிட்டு, அடுத்த நாள் அழித்தாலும் முந்தைய பதிவில் அது இருக்கும். அந்தக் களஞ்சியத்தைப் பார்க்க முடிந்த எவரும் அதை எடுக்கலாம். கடவுச்சொல்லை நிரலுக்கு வெளியே, கிட் தொடாத இடத்தில் வைக்கக் கற்பது முதல் வாரத்துப் பாடமாக இருக்க வேண்டும். தவறிப் பதிவாகிவிட்டால் கடவுச்சொல்லையே மாற்றிவிடுவதுதான் சரியான வழி.

மற்றொன்று, கிட் காப்பது எழுத்தை மட்டுமே. பழைய அமைவைக் கிட்டிலிருந்து ஒரு நொடியில் மீட்டுவிடலாம். ஆனால், அது சுவிட்சுக்குள் தானாகப் போய்ச் சேராது. யாரோ, அல்லது ஏதோ ஒரு நிரல், வலையமைப்பு வழியாக அதைச் சுவிட்சில் மீண்டும் எழுத வேண்டும். அந்த வலையமைப்பே துண்டிக்கப்பட்டிருந்தால்? 2021ஆம் ஆண்டு அக்டோபரில் பொறியாளர்கள் எதிர்கொண்ட சிக்கல் இத்தகையதே. என்ன செய்ய வேண்டும் என்பதைக் கண்டறிந்தாலும், அதைச் செய்ய அங்கே போய்ச்சேர வழியில்லை. எனவேதான், தேர்ந்த பொறியாளர் மாற்றத்தை எப்படிச் செய்வது என்று திட்டமிடும்போதே, அது தவறினால் எந்தப் பாதை வழியாகத் திரும்புவது என்றும் எழுதிவைக்கிறார். அந்தப் பாதை, தாம் மாற்றப்போகும் கருவிகளைச் சார்ந்திராதபடியும் பார்த்துக்கொள்கிறார்.

மூன்றையும் கற்றவர் 120 சுவிட்சுகளை எப்படிக் கையாள்வார்? முதலில், இப்போதுள்ள அமைவுகள் அனைத்தையும் படித்துக் கிட்டில் பதிவுசெய்வார். பிறகு, நிரலை எதையும் எழுதாமல் ‘எழுதினால் என்ன மாறும்’ என்று மட்டும் காட்டும்படி இயக்குவார். அடுத்து, யாருக்கும் பெரிதாகத் தொல்லை தராத ஒரே ஒரு சுவிட்சில், சேமிப்பறையில் இருப்பது போன்ற ஒன்றில், உண்மையாக இயக்குவார். அதை அணைத்துப் போட்டு, அமைவு நிலைத்திருக்கிறதா என்று பார்ப்பார். ஒரே சுவிட்ச் என்றால் அதுவே கடைசிச் சுவிட்சாகவும் இருப்பதால், அந்த இடைவெளிப் பிழை இதில் வெளிப்படாது. மறுநாள் ஐந்து சுவிட்சுகளில் இதையே செய்யும்போது அது பிடிபட்டுவிடும். பின்னர் ஒரு கட்டடம். அதன் பிறகே மீதி. பன்னிரண்டு மணி நேர வேலை சில நிமிடங்களில் முடியும் என்று தொடங்கியவருக்கு இது மூன்று நாள் இழுப்பதாகத் தோன்றலாம். அந்த மூன்று நாள்களில் பெரும்பகுதி காத்திருப்பும் சரிபார்ப்பும்தான். தட்டெழுதுவது மிகக் குறைவு.

வீட்டில் பழக விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. ஒதுக்கிவைத்த பழைய மடிக்கணினியில் உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளைக் கட்டணமின்றி நிறுவலாம். பைதானும் கிட்டும் இலவசமே. சுவிட்சுகளையும் ரௌட்டர்களையும் கணினிக்குள்ளேயே பாவனையாக இயக்கிப் பார்க்க ‘ஜிஎன்எஸ்3’ போன்ற மென்பொருள்கள் உள்ளன. அங்கே எதை உடைத்தாலும் யாருடைய இணையமும் நிற்காது. பள்ளியின் வலையமைப்பில் மட்டும் பழகிப் பார்க்கக் கூடாது. மலேசியாவில் 1997ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கணினிக் குற்றச் சட்டம் அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவதைக் குற்றமாகக் கருதுகிறது; கற்றுக்கொள்வதற்காகச் செய்தேன் என்பது அனுமதி ஆகாது.

முதல் ஒரு மாதத்திற்குப் படிக்கும் நிரல்களை மட்டும் எழுதுங்கள். எதையும் மாற்றும் நிரலை எழுத வேண்டா. எடுத்துக்காட்டாக, உங்கள் வீட்டிலுள்ள மூன்று கருவிகளின் முகவரிகளை ஒரு பட்டியலாக எழுதி, ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை ஒவ்வொன்றும் பதிலளிக்கிறதா என்று பார்த்து, நேரத்தோடு ஒரு கோப்பில் குறித்துவைக்கும் நிரலை எழுதலாம். இருபது வரிகளுக்குள் அடங்கிவிடும். அதைக் கிட்டில் பதிவுசெய்து, ஏன் எழுதினீர்கள் என்று ஒரு வரிக் குறிப்பும் சேர்த்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து அந்தக் கோப்பில் பதிலில்லாத வரிகளை மட்டும் ‘கிரெப்’ கொண்டு பொறுக்கியெடுத்தால், எந்தக் கருவி எந்த நேரத்தில் இணைப்பை இழக்கிறது என்பது தெரியும்.